இடது கால் சப்பாத்து

1

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கு ஒரு ரோத்தான் வாங்கப் போனேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. ரோத்தான் என்றால் பிரம்பு. ஒல்லியாக, கை நீளத்துக்கு இருக்கும். பிடிக்கிற பக்கம் சிவப்பிலோ பச்சையிலோ பிளாஸ்டிக் சுற்றியிருப்பார்கள். விளக்குமாறும் வாளியும் தொங்குகிற இடத்தில் இதையும் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பிள்ளைகள் மிட்டாய் எடுக்கிற கையோடு அதையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போகும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதை ஜன்னல் தூசி தட்டும் குச்சி என்று நினைத்திருந்தேன். கணவர் செந்தில்தான் அலுவலகத்தில் விசாரித்து வந்து சொன்னார். அன்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நாம் அப்படி இல்லை என்கிற சிரிப்பு அது.

ஐந்து வருடம் கழித்து அதே கொத்துக்குக் கீழே நான் நின்றேன். கடைக்கார அக்கா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபடி ஒன்றை உருவிக் கொடுத்தார். "இது எடுத்துக்கங்க, நல்லா வளையும். அடிக்கக்கூட வேணாம் லா, சொவத்துல மாட்டினாலே போதும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. அப்போது எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் பெண் ஒருவர் உள்ளே வந்தார். அவர் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிடக் கூடாதே என்று பிரம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மஞ்சள்தூளில் இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். பிரம்பு வாங்காததற்குக் காரணம் என் கொள்கை என்று யாராவது நினைத்தால், அது பொய். வெட்கம்தான் காரணம்.

2

நடந்தது இதுதான். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. எதிர் வீட்டில் மணியம் அங்கிள் தனியாக இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் குழுவில் முக்கியமான ஆள். எங்களைப் போன்றவர்கள் மேல் அவருக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. "நீங்க இந்தியாக்காரங்க வந்தாலே கொரிடோர் பூரா செருப்பு" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர். சர்க்கரை வியாதியில் அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அதற்கென்று அளவெடுத்துச் செய்த சப்பாத்து ஒரு ஜோடி வைத்திருந்தார். ஷூவை இங்கே சப்பாத்து என்றுதான் சொல்வார்கள். வாசலில் உள்ள செருப்புத் தாங்கியில் அது தனியாக, மேல் தட்டில் இருக்கும்.

அந்த வாரம் புதன்கிழமை, சாயங்கால மழை விட்ட சமயத்தில், அதில் இடது கால் மட்டும் காணாமல் போனது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லெட்சுமி அக்கா டிரான்சிட் நடத்துகிறார். பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். எங்கள் மகள் இனியாவும் அங்கேதான் இருப்பாள். எட்டு வயது. அன்று அவளை நான் மேலே அழைத்து வந்த பிறகு, லெட்சுமி அக்கா துணி எடுக்க வெளியே வந்திருக்கிறார். மேலேயிருந்து ஒரு சப்பாத்து பக்கத்து லோங்காங்கில், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயில், விழுந்து போயிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் நான்காவது மாடிச் சுவருக்கு மேல் இனியாவின் தலை.

அவர் போனில் சொன்னதும் இனியாவைக் கூப்பிட்டேன். "அங்கிள் சப்பாத்தை நீ எடுத்தியா?"

"இல்ல."

"கீழ போட்டியா?"

"நான் இல்லம்மா." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

செருப்பு, சப்பாத்து எல்லாம் எனக்கு அப்புறம்தான். அந்தக் கண்தான் என்னைக் கலக்கியது. திண்டுக்கல்லில் நான் வளர்ந்த தெருவில் நான் பொய் சொல்லவே முடியாது. பால்காரர் பார்ப்பார், அத்தை பார்ப்பாள், எதிர்வீட்டு டெய்லர் பார்ப்பார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விடும். இங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இன்று ஒரு லெட்சுமி அக்கா பார்த்துவிட்டார். இவள் வளர்ந்து ரயில் ஏறிப் போகும்போது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு உட்காரும்போது, யார் வந்து எனக்குச் சொல்வார்கள்? இந்த ஊரில் என் மகளைப் பற்றி எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் மகள்தான். அவளே வாயை மூடிக்கொண்டால் நான் குருடி.

இதை நினைத்து நினைத்துத்தான் ரோத்தான் கொத்துக்குக் கீழே போய் நின்றேன்.

3

அடிக்கவும் மாட்டோம், ஆசை காட்டவும் மாட்டோம் என்று செந்திலும் நானும் அவள் பிறந்தபோதே பேசி வைத்திருந்தோம். அவர் அடி வாங்கி வளர்ந்தவர். இடது கையால் எழுதுகிறான் என்று ஸ்கேலால் வாங்கிய அடியை இன்னமும் சொல்வார். எனக்கு நேர்மாறு. ராங்க் வாங்கினால் அப்பா ஏதாவது வாங்கித் தருவார். பென்சில் பெட்டி, கைக்கடிகாரம், கடைசியில் சைக்கிள். கல்லூரிக்குப் போனதும் வாங்கித் தர ஆள் இல்லை, படிக்கவும் தோன்றவில்லை. ஒரு வருடம் எதற்குப் படிக்கிறோம் என்றே தெரியாமல் சுற்றினேன்.

சொல்வது சுலபம். புதன், வியாழன், வெள்ளி என்று நாள் போக, மூன்று பக்கமும் ஆலோசனை வந்தது. போனில் அம்மா, "அடிக்காம வளர்த்தா அப்படித்தான்டி" என்றாள். லெட்சுமி அக்கா அவர் வழியைச் சொன்னார். அவருடைய கூடத்தில் ஒரு பக்கச் சுவரில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் அட்டை, மறு பக்கத்தில் ரோத்தான். "ரெண்டு போடுங்க கவிதா, உண்மை தானா வரும். அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துடுங்க. முடிஞ்சு போச்சு லா." அவர் கெட்டவர் இல்லை. இனியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

செந்தில் மட்டும், "கொஞ்சம் பொறு" என்றார். பொறுப்பதற்கு அவருக்கென்ன, இரவுதான் வீட்டுக்கு வருவார்.

இதற்கிடையில் மணியம் அங்கிள் பழைய ரப்பர் செருப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து, வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "தெரியலையே அங்கிள்" என்று சொன்னது நான். இனியா சோபாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது எங்கள் பாஸ், அதாவது இந்த நாட்டில் வேலை செய்து தங்கும் அனுமதி, புதுப்பிக்கிற மாதம். இங்கே எங்களுக்குப் பொங்கல், தீபாவளி போல இதுவும் ஒரு காலம். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். பாஸ்போர்ட்டுகள் கம்பெனி ஏஜெண்ட்டிடம் இருக்கும், வீட்டில் எல்லோரும் தணிந்த குரலில் பேசுவோம். சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே செந்தில் வண்டியை நிறுத்திவிடுவார். குழுவில் உள்ள அங்கிள் எங்கேயாவது புகார் எழுதிப் போட்டுவிட்டால்? ஒரு சப்பாத்துக்கு யாரும் பாஸை நிறுத்த மாட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

4

செவ்வாய்க்கிழமை, பிள்ளையையும் அழைத்து வரச் சொன்னார்கள் என்று ஏஜெண்ட் கூப்பிட்டார். இமிகிரேஷன் அலுவலகத்தில் எண் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மற்றப் பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். இனியா மட்டும் அசையவில்லை. முதுகை நேராக வைத்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, பள்ளி போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பஞ்சாபி அம்மாள், "எவ்வளவு அமைதியான குழந்தை" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம் வயது மலாய்ப் பெண். பாஸ்போர்ட் படத்தையும் இனியாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பண்டாய்" என்று சிரித்தார். கெட்டிக்காரி என்று அர்த்தம். இனியா சிரிக்கவில்லை. என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"அம்மா, அவங்க கேமராவுல பாத்திருப்பாங்களா?"

"எதைடா?"

"சப்பாத்தை."

மாட்டிக்கொண்டாள் என்கிற சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பிறகுதான் அவள் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லாம் வந்தது. முதலில் தன் செருப்பைப் போட்டாளாம். மழைத் தண்ணீரில் அது படகு மாதிரிப் போயிற்றாம், ஆனால் சின்னதாக இருந்ததால் சீக்கிரம் கண்ணுக்கு மறைந்துவிட்டதாம். பெரிய படகு ஒன்று வேண்டியிருந்தது. எதிரே அங்கிளின் சப்பாத்து. அந்த வாரம் அவள் செருப்பு ஒன்று காணவில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா பாஸை பிடுங்கிடுவாங்கல்ல? நம்மள ஊருக்கு அனுப்பிடுவாங்கல்ல?"

இதை அவளுக்குச் சொன்னது யார்? நாங்கள்தான். பேரங்காடியில் ஓடினால், "போலீஸ் பாத்தா பாஸ் கேன்சல்." லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்கினால், "இமிகிரேஷன்ல சொல்லிடுவேன், ஊருக்கு பேக் பண்ணிடுவாங்க." எங்கள் நண்பர் வட்டத்தில் எல்லா வீட்டிலும் இந்த வசனம் உண்டு. பிறந்தநாள் விழாவில் ஒரு அம்மா சொன்னால் இன்னொரு அம்மா தலையாட்டுவாள். ஊரில் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி. இங்கே எங்களுக்கு இமிகிரேஷன். இதை நாங்கள் ஒரு தண்டனையாகவே நினைத்ததில்லை. பிரம்பு இல்லாத வீடு என்று பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள்.

"நல்ல பிள்ளையா இருந்தா ஊருக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்ற. சேட்டை பண்ணா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்ற. ஊரு நல்ல இடமா, கெட்ட இடமாம்மா?"

ஐந்து வருடமாக நான் இங்கிருந்து ஏங்குகிற ஊர். அதையே மிட்டாயாகவும் பிரம்பாகவும் செய்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். "நல்ல இடம்தான்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

5

அன்று சாயங்காலம் இருவரும் அங்கிள் வீட்டு வாசலில் நின்றோம். மணி அடிப்பதற்குள் எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லிட்டா நாளைக்கு பீட்ஸா என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்கிற மிரட்டலும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கினேன். "நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கதவு திறந்தது. இனியா தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "அங்கிள், உங்க சப்பாத்தை நான்தான் லோங்காங்ல போட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "ஏன் போட்ட?" என்றார்.

"மிதக்குதான்னு பாக்க."

"மிதந்துச்சா?"

"கொஞ்ச தூரம். அப்புறம் பாலத்துக்கு அடியில போயிடுச்சு."

அவர் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். பெரியவர்கள் அப்படித்தானே சொல்வார்கள், நாமும் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பலாமே.

"பரவாயில்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "எனக்கு கோவமா இருக்கு. இந்தக் காலுக்கு வேற சப்பாத்து சேராது. காயம் பட்டா ஆறாது, ஆஸ்பத்திரியில போய் படுக்கணும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட போகல நான்." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சா?"

"ஆமா அங்கிள்."

"நல்லா இருக்கு" என்று கதவைச் சாத்தப் போனார்.

"புதுசு எங்க கிடைக்கும்?" என்று இனியா கேட்டாள்.

"கிள்ளான்ல. அங்கதான் அளவெடுத்து செய்வான்."

"நானும் வரவா?"

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் தன் காலைக் குனிந்து பார்த்து, "வேகமா நடந்தீன்னா நான் வர மாட்டேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மூவரும் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் கிள்ளான் நகரத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவர் குளிர்சாதனத்தைத் திட்டினார், டிக்கெட் எந்திரத்தைத் திட்டினார், எங்கள் ஊர் சாம்பாரில் புளி அதிகம் என்று அதையும் திட்டினார். இனியா அவர் நடைக்கு ஏற்ப நின்று நின்று வந்தாள். கடையில் அவர் துணியை அவிழ்த்துக் காலைத் தாளில் வைத்தார். விரல் இல்லாத இடம் வழவழவென்று மூடியிருந்தது. அவளைத் திரும்பிக்கொள்ளச் சொல்லலாமா என்று எனக்குப் பதறியது. அவள் குனிந்து பார்த்தாள்.

"வலிக்குமா அங்கிள்?"

"இல்ல. ஒண்ணுமே தெரியாது. ஆணி குத்தினாக்கூட தெரியாது. அதான் பயம்."

சப்பாத்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பணம் நான் கொடுத்தேன், அவர் மறுக்கவில்லை.

6

அந்த மூன்று வாரமும் காலையில் பள்ளி வேன் வருவதற்கு முன் இனியா கீழே போய் அங்கிளின் தமிழ்ப் பேப்பரை வாங்கி வந்து கொடுத்தாள். யார் சொல்லியும் இல்லை. நானோ சமையலறை ஜன்னலில் நின்று ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்தேன். பயத்தில் செய்கிறாளா, மனசாரச் செய்கிறாளா என்று ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. குட் கேர்ள் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன். நடுவில் ஒருநாள் சோம்பேறித்தனம், போகவில்லை. அங்கிள் கதவைத் திறந்து, "இன்னிக்கு பேப்பர் லீவா?" என்று உறுமினார். நான் குறுக்கே போகவில்லை. அதுவும் லேசான காரியம் இல்லை.

பேப்பர் விஷயம் தெரிந்து லெட்சுமி அக்கா அட்டையில் நட்சத்திரம் ஒட்டப் போனார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஏன் கவிதா, நல்லது செய்ற புள்ளைக்கு ஒரு ஸ்டார்கூட குடுக்கக் கூடாதா?"

"குடுத்தா ஸ்டாருக்காகப் போவா அக்கா."

"போனா என்ன? பேப்பர் வந்து சேருதுல்ல?"

ஸ்டிக்கர் தாளை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

சப்பாத்து வந்த அன்று அங்கிள் நடைபாதையில் இரண்டு தடவை நடந்து பார்த்தார். செருப்புத் தாங்கியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் பாஸும் வந்தது. செந்தில் மஞ்சள் சிக்னலில் பழையபடி போக ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிசம்பருக்கு டிக்கெட் போட்டார்.

அன்று காலை இனியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "டிசம்பர்ல ஊருக்குப் போறோம்" என்றேன்.

அவள் தோள் விறைத்தது. திரும்பாமலே கேட்டாள். "நான் என்ன பண்ணேன்?"

எந்த அர்த்தத்தில் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"ஒண்ணும் பண்ணல. மாமா வீடு இருக்கு, நம்ம வீடு இருக்கு. அதான் போறோம்."

"நல்ல பிள்ளையா இல்லன்னாலும்?"

"போவோம்."

"டிக்கெட்டை கேன்சல் பண்ண மாட்டீங்களா?"

"மாட்டோம்."

நான் இன்னொரு சுற்றுப் பின்னினேன்.

"அப்ப ஒண்ணு சொல்லவா? சயின்ஸ் புக்கை தொலைச்சிட்டேன். போன வாரமே."

போன வாரமேவா என்று கோபம் தலைக்கு ஏறியது. திங்கட்கிழமை பரீட்சை. கூடவே, யாரும் பார்த்துச் சொல்லாமல், யாரும் கேட்காமல், அவளாக வந்து சொல்லியிருக்கிறாள் என்பது உறைத்தது. கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அவளுக்கு என் முகம் தெரியவில்லை.

"கடைசியா எங்க வச்ச?" என்று கேட்டேன்.

பாதிப் பின்னலோடு எழுந்து போய், அவள் புத்தகப் பையைக் கூடத்து நடுவில் கவிழ்த்துக் கொட்டினாள்.